துரைக்கு முன்னால் ஏறக்கூடாத வண்டி

மலேசியாவில் சிலாங்கூர் மாநிலத்தின் வடமேற்குக் கரையோரத்தில், ஜெராமுக்கு அருகே கடலை ஒட்டிக் கிடக்கும் சுங்கை செம்பிலாங் தொடங்கி, புக்கிட் ரோத்தான், கோலசிலாங்கூர், ஈஜோக், ராஜா மூசா, இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியிருக்கும் பத்தாங் பெர்ஜுந்தை வரையில் பரந்துள்ள பழைய தோட்டப் பிரதேசத்தில், முதியோர் வசிக்கும் வீடுகளின் பின்புறத்துத் தகரச் சார்ப்பின் கீழே ஒரு பழைய சைக்கிள் சாத்தி வைக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். அதை யாரும் ஓட்டுவதில்லை. டயர் வெடித்து, சங்கிலி இறுகி, ஆசனத்தின் தோல் சுருங்கிப் போயிருக்கும். பழைய இரும்பு வாங்க வருகிறவர் விலை கேட்டால் வீட்டுப் பெரியவர் தலையை அசைத்து மறுத்துவிடுவார். அப்படி மறுப்பதற்கு அவர் காரணம் சொல்வதுமில்லை. ஊர்தியின் மேலும் யந்திரத்தின் மேலும் மனிதருக்கு உண்டாகும் அபிமானம் உலகெங்கும் உள்ளதுதான் என்றாலும், இந்தப் பிரதேசத்தில் அந்த அபிமானத்துக்குப் பின்னால் நீண்டதும் துயரம் மிகுந்ததுமான ஒரு சரித்திரம் இருக்கிறது. அந்தச் சரித்திரம் நம் பள்ளிப் புத்தகங்களில் ஒரு வரியாகக்கூட இடம்பெறவில்லை என்பதே இதை எழுதத் தூண்டியது.

பெல்பாஸ்ட் நகரத்துக் கால்நடை வைத்தியர் ஜான் பாய்டு டன்லப், தம் சிறு மகன் ஓட்டிய மூன்று சக்கர வண்டிக்கென்று செய்து பார்த்த காற்றடைத்த ரப்பர் டயருக்கு 1888 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அதுவரையில் எலும்பை நொறுக்கும்படி குலுக்கிய சைக்கிள் அதன் பிறகு சுகமான வாகனமாகிவிடவே, அடுத்த பத்தாண்டுகளில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சைக்கிள் மோகம் தலைக்கேறி நின்றது; பின்னர் மோட்டார் வண்டி வந்து, 1908 இல் ஹென்றி போர்டின் ‘மாடல் டி’ கார் விற்பனைக்கு வந்தபோது, பிரேசில் நாட்டுக் காடுகளில் தானாக வளர்ந்த ரப்பர் மரங்களின் பால் உலகத்தின் சக்கரங்களுக்குப் போதாமல் போயிற்று. 1877 இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 ரப்பர்க் கன்றுகளின் சந்ததியும், 1888 இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரம் பட்டுப்போகாமல் பட்டையை மெல்லச் சீவி நாள்தோறும் பாலெடுக்க வகுத்த முறையும் அந்தச் சமயத்தில் ஆயத்தமாக இருந்தன. 1910 இல் ரப்பர் விலை எவரும் எதிர்பாராத உச்சத்துக்கு ஏறியதும், லண்டனில் பங்குகள் விற்கப்பட்டு, சிலாங்கூரின் காடுகள் வெட்டிச் சாய்க்கப்பட்டன. சைக்கிளும் மோட்டாரும் தோன்றியிராவிட்டால் இந்தத் தோட்டங்களும் தோன்றியிரா; நம் முன்னோர் இங்கே வந்திருக்கவும் மாட்டார்கள்.

அப்படி வந்தவர்கள், ஆள் திரட்டிக் கொண்டுவந்த கங்காணியின் பின்னால் வந்தார்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கினார்கள். 1926 இல் கட்டப்பட்டு ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் அந்த வழியில் ஓடிய ‘ரஜூலா’ என்ற கப்பலின் பெயரை, அதில் பிரயாணம் செய்த தலைமுறையினர் ஒரு நெருங்கிய உறவினரின் பெயரைச் சொல்வதுபோலவே சொல்வார்கள். யந்திரத்தின் மேல் வைத்த அபிமானம் என்று பார்த்தால் அதுவே நம்மவர்களுக்கு முதலாவது என்று கருத இடமுண்டு. கரையில் இறங்கியபின் வாகனம் என்பது அவர்களுக்கு இல்லாத பொருளாகிவிட்டது. கிள்ளானிலிருந்து கோலசிலாங்கூர்ப் பக்கமாக ஒரு கிளை ரயில்பாதை அக்காலத்தில் போடப்பட்டது. இன்று அது சுவடின்றி மறைந்துபோயிற்று. தோட்டத்துக்குள்ளே எல்லாம் நடைதான். விடியுமுன் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நடந்து, அங்கிருந்து தங்கள் மர வரிசையாகிய நிரைக்கு நடந்து, மரத்துக்கு மரம் நடந்து, மரத்தில் கட்டிய மங்குகளில் நிறைந்த பாலை வாளிகளில் சேகரித்து, காண்டாக் கம்பின் இரு முனையிலும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து, பாலைப் பதப்படுத்தும் ஸ்டோருக்கு நடந்தார்கள். உலகம் சக்கரத்தின் மேல் உருண்டு செல்வதற்காக ஒரு ஜனசமூகம் தன் கால்களைத் தேய்த்துக்கொண்டிருந்தது என்று சொன்னால் அதில் மிகை ஏதுமில்லை.

ஸ்டோரில் யந்திரங்கள் இருந்தன. அவற்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் தோட்டத்தை விட்டு வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆன பின்னும், ஸ்டோரில் வேலை செய்தவர்கள் அந்த யந்திரங்களின் சப்தத்தையும் வாசனையையும் ஒன்றுவிடாமல் வருணிப்பதைக் கேட்டிருக்கிறேன். கொண்டுவந்த பாலை நிறுத்து, வடிகட்டி, தண்ணீர் கலந்து, தடுப்புத் தகடுகள் செருகிய தொட்டிகளில் ஊற்றி, பார்மிக் அமிலம் சேர்த்தால், சில மணி நேரத்தில் பால் உறைந்து வெண்ணிறப் பாளங்களாகிவிடும். அந்தப் பாளங்களை வழவழப்பான இரும்பு உருளைகளின் இடையே வரிசையாகச் செலுத்த, ஒவ்வொரு ஜோடி உருளையிலும் தண்ணீர் பிழியப்பட்டுப் பாளம் மெலிந்துகொண்டே போகும். கடைசி ஜோடியில் மட்டும் வரிகள் வெட்டப்பட்டிருக்கும். அந்த வரிகள் அழகுக்காக அமைந்தவை என்று பலர் நினைக்கிறார்கள். ஷீட்டின் மேற்பரப்பை அதிகமாக்கிச் சீக்கிரம் உலரச் செய்வதும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் காப்பதும்தான் அவற்றின் பயன். பிறகு ஷீட்டுகள் புகைக்கூடத்துக் கம்புகளில் தொங்கவிடப்பட்டு, விறகுப் புகையிலே சில நாட்கள் இருந்து, தேன் நிறம் பெற்று வெளியே வரும். சிறுதோட்டக்காரர்களிடம் இதே உருளை கையால் சுற்றும் சிறு யந்திரமாக இருந்தது. ஒருவர் கைப்பிடியைச் சுற்ற மற்றவர் பாளத்தைச் செலுத்துவார். விரல் நசுங்கிப் போனவர்களும் உண்டு. அப்படியிருந்தும் ஆயுத பூஜையன்று அந்த உருளைகளைக் கழுவித் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டு, தோரணம் கட்டி, பொரிகடலை படைத்துக் கும்பிட்டார்கள். கம்பெனியின் சொத்தாகிய யந்திரத்தை அதில் உழைத்தவர்கள் அந்த ஒரு நாளிலாவது தங்களுடையதாக்கிக் கொண்டார்கள் என்பது என் எண்ணம்.

சைக்கிள் தோட்டத்துக்குள் வந்தது முதலில் தோட்டத்துக் குமாஸ்தாக்களாகிய கிராணிமாரிடமும், மருந்துக்காரரிடமும், இவர்களைப் போன்ற உத்தியோகஸ்தரிடமும்தான். பின்னர் நாலு காசு சேர்த்த தொழிலாளி ஒருவர் இருவரும் கிள்ளானிலோ கோலசிலாங்கூரிலோ பழைய வண்டி ஒன்றை வாங்கி வந்தபோது, ஓர் எழுதாத சட்டம் அவர்களுக்காகக் காத்திருந்தது. தோட்டத்துப் பாதையில் வெள்ளைக்கார நிர்வாகியாகிய துரை எதிர்ப்பட்டால் வண்டியில் இருப்பவன் இறங்கிவிட வேண்டும். பெரிய கிராணி எதிர்ப்பட்டாலும் இறங்க வேண்டும். இறங்கி, வண்டியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்று, அவர்கள் கடந்து சென்ற பிறகே ஏற வேண்டும். இந்த வழக்கம் வெள்ளைக்காரர் மட்டும் கண்டுபிடித்ததன்று. தாழ்த்தப்பட்டவர் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் மேல்சாதித் தெருவில் செருப்பணிந்து நடக்கக் கூடாது, சைக்கிளில் ஏறிப் போகக் கூடாது என்ற கொடுமை தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் நெடுங்காலம் நிலவியது. மலாயாத் தோட்டங்களுக்கு வந்தவர்களில் பலர் அந்தக் கொடுமைக்குத் தப்பிக் கடல் தாண்டியவர்களே. கடல் தாண்டிய பிறகும் அதே கொடுமை, துரை வடிவில் காக்கிக் கால்சட்டையும் தொப்பியும் அணிந்து எதிரே வந்து நின்றதென்றால், அவர்கள் நெஞ்சில் என்ன மூண்டிருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

அது மூண்டு வெளிப்பட்ட ஆண்டு 1941. ஐரோப்பிய யுத்தத்தினால் ரப்பருக்குத் தேவை மிகுந்து கம்பெனிகள் நல்ல லாபம் கண்டுகொண்டிருந்த அந்தச் சமயத்தில், கிள்ளான் வட்டாரத்துத் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் பணியாற்றிய ஆர். எச். நாதன் என்பவர் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் வாயிலாக அவர்களுக்குத் தலைமை தாங்கினார். அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளைப் படித்துப் பார்க்கிற எவருக்கும் மனம் உருகும். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, முறையான வைத்திய வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களை மானபங்கம் செய்வதை நிறுத்துதல், உறவினர் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்துபோக அனுமதி, சங்கம் அமைக்கும் உரிமை என்று வரிசையாகச் செல்லும் அந்தப் பட்டியலில், வெள்ளைக்கார நிர்வாகிகளுக்கும் ஆசிய உத்தியோகஸ்தர்களுக்கும் முன்னால் தொழிலாளர் சைக்கிளில் ஏறிச் செல்ல அனுமதிக்க வேண்டும் என்பதும் ஒன்று. கூலிக்கும் வைத்தியத்துக்கும் நடுவில் இதற்கு என்ன இடம் என்று வியப்பவர்கள் மேலே சொன்ன தெருக்களையும் பாதைகளையும் ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். வயிற்றுக்காக மட்டும் போராடும் ஜனங்கள் இப்படிப்பட்ட கோரிக்கையை எழுதமாட்டார்கள். நம் சமூகத்தின் சரித்திரத்தில் சுயமரியாதையை இத்தனை நேராகக் கேட்ட ஆவணங்கள் சிலவே உண்டு. அவற்றுள் இது முதல் வரிசையில் வைக்கத் தக்கது.

சர்க்கார் கொடுத்த பதில் கடுமையானது. மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அவரை விடுவிக்கும்படி கேட்டுத் தொழிலாளர் திரண்டபோது வேலைநிறுத்தம் கிள்ளானைத் தாண்டிச் சிலாங்கூரெங்கும் பரவியது. மே மாத நடுவில் மாநிலத்தில் அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டு, பட்டாளம் வரவழைக்கப்பட்டு, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். பலர் வேலை இழந்து வெளியேற்றப்பட்டனர். சைக்கிள் ஏறும் உரிமை அன்று கிடைக்கவில்லை.

ஆனால் அதே ஆண்டு டிசம்பர் 8 ஆம் தேதி கோத்தபாருவில் ஜப்பானியப் படை கரையிறங்கியது. துரைமார் எந்தப் பாதைகளில் தொழிலாளரைச் சைக்கிளிலிருந்து இறக்கிவிட்டார்களோ அந்தப் பாதைகள் வழியாகவே, சைக்கிளில் வந்த சிப்பாய்கள் அந்தத் துரைமாரைத் துரத்தினார்கள். மலாயாவின் நேர்த்தியான தார்ச் சாலைகளும் எஸ்டேட் பாதைகளும் அந்தப் படைக்கு மிகவும் அனுகூலமாக இருந்தன. டயர் வெடித்தால் வெறும் இரும்பு வளையத்தின் மேலேயே ஓட்டினார்கள் என்றும், இரவில் அந்த ஓசையைக் கேட்ட எதிரிகள் டாங்கிகள் வருவதாகக் கருதி அஞ்சினர் என்றும் ஜப்பானியத் தரப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். 1942 ஜனவரி தொடக்கத்தில் கோலசிலாங்கூர்க் கரையில் இறங்க அவர்கள் செய்த முயற்சி பீரங்கிகளால் தடுக்கப்பட்டது. ஆயினும் பெப்ரவரி 15 அன்று சிங்கப்பூரே வீழ்ந்துவிட்டது. ஆக்கிரமிப்புக் காலத்தில் சைக்கிள் வைத்திருந்தவர்களிடமிருந்து அது பறிக்கப்பட்டதும் உண்டு. மிஞ்சிய வண்டிகளுக்கு உதிரிப் பாகம் இல்லாமல், காற்றுக் குழாயின் இடத்தில் கெட்டி ரப்பரைச் சுற்றி ஓட்டினார்கள். ஏற்றுமதி நின்றுபோன அந்நாட்களில் ரப்பருக்கு மட்டும் இந்த நாட்டில் பஞ்சமில்லை. அரிசிக்கும் மருந்துக்கும்தான் பஞ்சம். சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட மரண ரயில்பாதை வேலைக்குத் தோட்டங்களிலிருந்து அள்ளிச் செல்லப்பட்டவர்களில் பல்லாயிரவர் திரும்பவில்லை என்பதை இங்கே ஒரு வாக்கியத்தில் சொல்லிக் கடப்பதற்கு மனம் கூசுகிறது. ஆனால் அது தனியே எழுத வேண்டிய சரித்திரம்.

யுத்தம் முடிந்து துரைமார் திரும்பி வந்தபோது பழைய வழக்கத்தை அப்படியே நிலைநாட்ட அவர்களால் முடியவில்லை. அவர்கள் ஓடிப்போனதைத் தொழிலாளர் கண்ணால் கண்டுவிட்டார்கள். 1948 இல் தொடங்கிய அவசரகாலத்தில் தோட்ட வாயில்களில் சோதனை பலமாக இருந்தது. காட்டுக்குள் இருந்து போராடிய கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகிறதா என்று சைக்கிளின் குழாயையும் காற்றடிக்கும் பம்பையுங்கூடச் சோதித்தார்கள். கொரிய யுத்தத்தினால் 1950-51 இல் ரப்பர் விலை மீண்டும் ஏறியதும், 1954 இல் பி. பி. நாராயணனைப் பொதுச் செயலாளராகக் கொண்டு தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானதும், தொழிலாளியின் கையில் சிறிது காசு புரளக் காரணமாயின. அப்போதுதான் சைக்கிள் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு வந்தது. ராலே, ரட்ஜ், ஹம்பர், ஹெர்க்குலிஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் என்று அந்தக் காலத்து ஆட்கள் அந்தப் பெயர்களைச் சொல்லும்போதே குரலில் ஒரு பெருமை இருக்கும். 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், முழுச் சங்கிலியையும் மூடிய பெட்டி, புரூக்ஸ் தோல் ஆசனம், சக்கரத்தில் உராய்ந்து விளக்கை எரியச் செய்யும் டைனமோ ஆகிய இவ்வளவும் கொண்ட வண்டி பல மாதக் கூலியை விழுங்கியது. தவணை கட்டி வாங்கினார்கள். வாங்கிய அன்று மாரியம்மன் கோவில் வாசலில் நிறுத்தி, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தின் கீழே வைத்து நசுக்கி, அதன் பிறகே ஏறினார்கள்.

அந்த வண்டி செய்த வேலைகளை எண்ணிப் பார்த்தால், அதனிடம் வைத்த பாசம் வியப்பாகத் தோன்றாது. காண்டா சுமந்த தோளுக்கு அது ஓய்வு கொடுத்தது; பின் கேரியரின் இரு பக்கமும் பால் வாளிகள் ஏறின. பிள்ளைகளை முன் குழாயில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோனது. பேறுகால வலி கண்ட பெண்ணைப் பின்னால் அமர்த்திச் செம்மண் பாதையில் தள்ளிக்கொண்டே போய் மருத்துவமனை சேர்த்ததும், வாரக் கடைசியில் கோலசிலாங்கூர் சினிமாவுக்கும் திருவிழாவுக்கும் நண்பர் கூட்டத்தைக் கொண்டு சேர்த்ததும் அதுவே. கம்பெனி கொடுத்த வீடு கம்பெனிக்கே சொந்தம். வேலை போனால் வீடும் போகும். சைக்கிள் மட்டும் தொழிலாளியின் பெயரில் இருந்தது. வாழ்நாள் முழுவதும் தன்னுடையது என்று சொல்ல மண்ணும் வீடும் இல்லாதவனுக்குக் கிடைத்த முதல் ஆஸ்தி அது என்பதை மறந்துவிட்டு, அந்த அபிமானத்தை வெறும் பழமை மோகம் என்று ஒதுக்குவது நியாயமன்று.

பெண்கள் சைக்கிள் ஏறியது தனிக் கதை. பட்டை சீவிப் பாலெடுக்கும் மரவெட்டு வேலைக்குப் போன பெண்கள், ஊராரின் பேச்சைப் பொருட்படுத்தாமல் தாங்களே ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பெருந்திரளான கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டப் பயிற்சி கொடுத்தபோது உலகமே அதைப் புகழ்ந்தது, புகழ வேண்டியதுதான். மலாயாத் தோட்டங்களில் பால் வாளியோடு அந்தக் காரியத்தைத் தனித்தனியே செய்து முடித்த பெண்களைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

பிறகு மோட்டார் சைக்கிள் வந்தது. 1958 இல் ஜப்பானில் வெளியான ஹோண்டாவின் ‘சூப்பர் கப்’ வண்டியைப் பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூவின் நிறுவனம் இந்நாட்டுக்குக் கொண்டுவந்து விற்றது. உலகில் பத்துக் கோடிக்கும் மேல் செய்யப்பட்ட அந்த வண்டிக்குத் தோட்டத்து மக்களும் தங்கள் பங்குக்கு விசுவாசம் செலுத்தினார்கள். அதே காலத்தில் தோட்டமும் மாறிக்கொண்டிருந்தது; அந்த மாற்றத்தின் வித்து முன்பே விழுந்திருந்தது. பிரெஞ்சுக்காரராகிய ஹென்றி போகோனியே 1917 இல் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே தென்னமரம் தோட்டத்தில், இந்நாட்டில் முதன்முதலாக வாணிபத்துக்கென்று செம்பனை பயிரிட்டார். ரப்பர்த் தோட்ட வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய ‘மலேசி’ என்ற நாவலுக்கு 1930 இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. அவர் தொடங்கி வைத்த செம்பனை, அறுபதுகளுக்குப் பின் ரப்பரை விரட்டிக்கொண்டே போயிற்று. 1965 இல் தரப்படுத்தப்பட்ட மலேசிய ரப்பர் என்ற புதிய முறை வந்ததும், புகைக்கூடத்துக்கும் வரி உருளைக்கும் இருந்த தேவை குறைந்தது. யந்திரங்கள் எடைக்குப் போயின, புகைக்கூடங்கள் இடிந்தன. இன்று அந்தக் கை உருளைகள் சில, சாயம் பூசப்பட்டு, உணவு விடுதிகளின் வாசலில் அலங்காரமாக நிற்கின்றன. அருகே அது என்ன என்று சொல்ல ஒரு பலகையாவது இருந்தால் நன்றாக இருக்கும்.

வடக்கே பேராக் எல்லையைத் தாண்டினால், தெலுக் இந்தானுக்கு அருகிலுள்ள ஜெண்டராட்டா தோட்டத்தில் குறுகிய தண்டவாளத்தின் மேல் செம்பனைக் குலைகளை இழுத்துச் செல்லும் சிறு ரயில் இன்னும் ஓடுகிறது. பழைய யந்திரத்தைப் பயனுள்ளதாகவே வைத்துக் காப்பாற்ற முடியும் என்பதற்கு அது கண்கூடான சான்று. பழைய சைக்கிள்களைச் சேகரித்துத் துலக்கி, கூட்டமாக ஓட்டி மகிழும் அன்பர்களும் இந்நாட்டில் நிறைய இருக்கிறார்கள். அவர்களில் மலாய்க்காரரே மிகுதி. அவர்கள் கையில் வண்டி நன்றாக இருக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் வண்டி கைமாறும்போது, அதை ஓட்டியவர் யார், எந்தத் தோட்டத்தில் எந்த நிரையில் மரம் வெட்டினார், எத்தனை தவணையில் கடனை அடைத்தார் என்ற செய்திகள் கூடவே போவதில்லை. அவை போய்விட்டால் வண்டி வெறும் ராலே ஆகிவிடுகிறது. நாட்டிங்ஹாம் நகரத்துத் தொழிற்சாலையின் சரித்திரத்துக்கு அது உதவலாம், நம் சரித்திரத்துக்கு உதவாது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் வீடமைப்புப் பகுதிகளாகியும் மறைந்து வருகின்றன. ஆனால் அத்தோட்டங்களின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் பல இன்னும் நிற்கின்றன. தோட்டம் போன பிறகும் பெயரைக் காத்துக்கொண்டிருக்கும் அந்தப் பள்ளிகளே இந்தப் பொருள்களைக் காப்பதற்கும் உரியவை. ஒரு சிறு அறை போதும்: ஒரு சைக்கிள், ஒரு கை உருளை, காண்டாக் கம்பு, இரண்டு வாளி, சில மங்குகள், பால் உளி. கோலசிலாங்கூர் வட்டாரத்தில் தாத்தாவின் வண்டியை வைத்திருக்கிற குடும்பத்தார் அதை எடைக்குப் போடுமுன், பெரியவர்களிடம் உட்கார்ந்து அதன் கதையைக் கேட்டு ஒரு தாளில் எழுதி, வண்டியோடு அந்தத் தாளையும் பள்ளித் தலைமையாசிரியரிடம் ஒப்படைக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். அந்த அறையின் சுவரில் 1941 ஆம் ஆண்டுக் கோரிக்கைப் பட்டியலை, சைக்கிளைப் பற்றிய வரி உட்பட, நம் பிள்ளைகள் படிக்கும்படி பெரிய எழுத்தில் எழுதி மாட்டுங்கள்.